இறுக்கினால் கரகரப்பு, தளர்த்தினால் ஆட்டம்: சைக்கிள் சக்கரத்தின் கோனை எங்கே நிறுத்துவது?

எந்த கிரீஸ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை முழுவதும் படித்தபோது, உங்கள் சிக்கல் கிரீஸில் இல்லை என்று தோன்றுகிறது. முன்சக்கரத்தைக் கழற்றி, அதன் நடுவில் உருளும் எஃகுக் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசி, புது கிரீஸ் வைத்து மாட்டியிருக்கிறீர்கள். குண்டுகளை நெருக்கிப் பிடிக்கும் கூம்பு வடிவத் திருகான கோனை இறுக்கினால் அச்சு கரகரவென்று சுற்றுகிறது. சற்றுத் தளர்த்தினால் ரிம் பக்கவாட்டில் ஆடுகிறது. ஒரே ஒரு முறை கையில் சரியாக வந்தது போல இருந்தது. அதையும் வண்டியில் பூட்டி குவிக் ரிலீஸ் நெம்புகோலை (ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே சக்கரத்தைப் பூட்டும் பிடி) மூடியதும் மறுபடி இறுகிவிட்டது. ஆக, நீங்கள் கேட்க வந்தது வேறு: கோனை எந்த இடத்தில் நிறுத்துவது, சரியாக நிறுத்தினோம் என்பதை எப்படி அறிவது? கிரீஸுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் அது பிறகு வரட்டும்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக சைக்கிள் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கவனமாக வேலை செய்கிறவர்கள். அவசரக்காரர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது, இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் கோனை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன அறிகுறிகளுக்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். நான்கையும் நீங்களே சோதித்துப் பிரித்தறியலாம்.

முதலில் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் ஆரங்கள் வந்து சேரும் பகுதியைக் குடம் என்பார்கள். சைக்கிளில் அதை ஹப் என்கிறோம். ஹப்பின் இரு பக்கமும் உட்குழிவான கப் ஒன்று பதிந்திருக்கிறது. அச்சின் இரு பக்கமும் கூம்பு வடிவில் கோன் திருகப்பட்டிருக்கிறது. கப்புக்கும் கோனுக்கும் நடுவே குண்டுகள் உருள்கின்றன. இரண்டு கோன்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தால் குண்டுகள் நெருக்கப்படும். விலகினால் இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் நீங்கள் ரிம்மில் உணரும் ஆட்டம். கோன் நகராமல் பிடித்துக்கொள்ள அதற்கு வெளியே லாக்நட் இருக்கிறது. இவ்வளவுதான் அமைப்பு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய மாற்றம் இல்லாமல் நிற்கும் அமைப்பு இது. நன்றாக அமைத்தால் ஒரு வாழ்நாள் ஓடும்.

சிக்கல் எங்கே என்றால், சரியான இடம் மிகவும் குறுகியது. நவீன அச்சுகளில் மரையின், அதாவது திருகுப் புரியின், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 1 மில்லிமீட்டர். கோனை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அது 1 மில்லிமீட்டர் உள்ளே போகும். கோனைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். நிமிட முள் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு நகரும் அளவு நீங்கள் கோனைத் திருப்பினால் அது ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு நகர்கிறது. ஆட்டத்துக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் இருப்பது இப்படி இரண்டு மூன்று கோடுகள்தான். 'கொஞ்சம் தளர்த்தினேன்' என்று சொல்லும்போது பெரும்பாலானவர்கள் பத்துப் பதினைந்து கோடுகள் தளர்த்தியிருப்பார்கள். நடுவில் இடம் கிடைக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றியதற்கு இதுவே முதல் காரணமாக இருக்கலாம்: இடம் இருந்தது, அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

இரண்டாவது காரணம் லாக்நட். கோனைக் கையால் சரியாக அமைத்துவிட்டு லாக்நட்டை இறுக்கும்போது, அது கோனை உள்பக்கம் தள்ளுகிறது. மரைக்குள் எப்போதும் ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. லாக்நட் அதைச் சாப்பிட்டுவிடும். அதோடு, ஸ்பேனரால் கோனைப் பிடிக்காமல் விட்டிருந்தால் அதுவும் கூடவே சுற்றி இன்னும் உள்ளே போகும். ஆகவே கோனைச் சரியான இடத்தில் வைத்து லாக்நட்டை இறுக்குகிறவருக்கு எப்போதும் இறுக்கமான சக்கரமே கிடைக்கும். கோனை வேண்டுமென்றே சிறிது ஆட்டத்தோடு விட்டு, லாக்நட் தள்ளும் அளவை அதற்குக் கொடுக்க வேண்டும். எவ்வளவு ஆட்டம் என்பது ஒவ்வொரு ஹப்புக்கும் வேறு. இரண்டு மூன்று முறை செய்தால்தான் அந்த ஹப்பின் குணம் பிடிபடும். முதல் முயற்சியில் சரியாக வரவில்லை என்றால் அது உங்கள் கைக்குறை இல்லை. எனக்கும் இன்று வரை பெரும்பாலும் மூன்றாம் முறையில்தான் வருகிறது.

மூன்றாவது, குவிக் ரிலீஸ். உங்கள் கேள்வியிலேயே இதன் தடயம் இருக்கிறது. குவிக் ரிலீஸ் சக்கரத்தின் அச்சு நடுவில் துளை உள்ளது. அதன் வழியே ஒரு மெல்லிய கம்பி ஓடுகிறது. நெம்புகோலை மூடும்போது கம்பி இழுபட்டு, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கின் இரு கால்களையும், நடுவில் உள்ள அச்சையும் இரு முனைகளிலிருந்தும் நெரிக்கிறது. இரும்பு அச்சு அந்த நெருக்கத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள் சுருங்கும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் மேலே சொன்ன கடிகாரக் கணக்கில் அது இரண்டு கோடு. அதாவது, கையில் துளி ஆட்டமும் இல்லாமல் நீங்கள் அமைத்த சக்கரம், நெம்புகோலை மூடியதும் நெருக்கப்பட்ட சக்கரமாகிவிடும். எனவே குவிக் ரிலீஸ் சக்கரத்தைக் கையில் வைத்திருக்கும்போது அச்சு நுனியில் மிக மெல்லிய ஆட்டம் தெரிய வேண்டும். வண்டியில் பூட்டி நெம்புகோலை மூடியதும் அந்த ஆட்டம் காணாமல் போக வேண்டும். நட்டு போட்டுப் பூட்டும் அச்சில் இந்தச் சுருக்கம் கிடையாது. நட்டு, ஃபோர்க்கின் தகட்டை லாக்நட்டோடு சேர்த்து நெரிக்கிறது, இரண்டு கோன்களுக்கு நடுவில் உள்ள அச்சை அது தொடுவதில்லை. அங்கே கையில் எப்படி இருக்கிறதோ வண்டியிலும் அப்படியே இருக்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லித்தராமல் விடுவதால்தான் பலர் ஒரே சக்கரத்தைப் பத்து முறை கழற்றி மாட்டுகிறார்கள்.

நான்காவது காரணம் கொஞ்சம் கசப்பானது: கோன் தேய்ந்து குழி விழுந்திருக்கலாம். அப்படியானால் உண்மையிலேயே நடுவில் இடம் கிடையாது. தளர்த்தினால் ஆடும், ஆட்டம் நிற்கும் அளவுக்கு இறுக்கினால் குண்டுகள் குழிகளில் விழுந்து எழும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கோனைக் கழற்றி, கிரீஸ் துளியும் இல்லாமல் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பிடியுங்கள். குண்டு உருளும் பாதை ஒரு மங்கலான வளையமாகத் தெரியும். வளையம் சீராக, பளபளப்பாக ஓடினால் நல்ல கோன். அது இயல்பான தேய்மானத் தடம், பயப்பட வேண்டாம். இப்போது ஒரு பால்பாயிண்ட் பேனாவின் முனையை அந்த வளையத்தில் வைத்து, அழுத்தாமல், வட்டமாக இழுத்துப் பாருங்கள். பேனா முனையில் இருப்பதும் ஒரு சின்னக் குண்டுதான். அது உங்கள் விரலை விட நுட்பமானது. நல்ல கோனில் கண்ணாடியில் வழுக்குவது போல ஓடும். குழி இருந்தால் ஓரிடத்தில் தடுக்கும், கையில் 'டிக்' என்று தெரியும். கண்ணுக்குப் புலப்படாத குழியைக்கூட இது காட்டிக்கொடுக்கும்.

அந்தக் குழி பெரும்பாலும் வளையம் முழுவதும் இருக்காது, ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். காரணம் எளிது. சக்கரம் சுற்றும்போது கப் அதோடு சுற்றுகிறது, அதனால் சுமை கப்பின் எல்லா இடத்துக்கும் மாறி மாறிப் போகிறது. கோன் சுற்றுவதில்லை. உங்கள் எடை அச்சைக் கீழே அழுத்துகிறது. கோனின் அடிப்பக்கத்தில் உள்ள அதே ஒரு விரற்கடை வளைவுதான் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை முழுச் சுமையையும் தாங்குகிறது. அதனால்தான் கப்புக்கு முன்னால் கோன் போய்விடுகிறது. இதில் ஒரு நல்லதும் இருக்கிறது: கோனை மாற்ற முடியும், பெரும்பாலான ஹப்புகளில் கப்பை மாற்ற முடியாது. புதுக் கோன் உடனே கிடைக்காவிட்டால், அச்சைக் கொஞ்சம் திருப்பி, குழி இல்லாத பக்கம் கீழே வரும்படி பூட்டினால் சில காலம் ஓட்டலாம். அது தற்காலிக வழிதான். எஃகு ஒருமுறை உரியத் தொடங்கினால், உரிந்த துகள்களே மற்ற இடத்தையும் அரைக்கும். கப்பிலும் குழி விழுந்திருந்தால் ஹப்பையே மாற்றும் நிலை. பேனா சோதனையை அங்கேயும் செய்துபாருங்கள்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரின் முன்சக்கரத்துக்கு கிரீஸ் வைத்துக் கொடுத்தேன். கையில் பட்டுப்போலச் சுற்றியது. கெட்டியான புது கிரீஸ் தாராளமாக வைத்திருந்தேன். ஒன்றரை மாதத்தில் அவர் திரும்பி வந்தார். கழற்றிப் பார்த்தபோது இரண்டு கோன்களும் அரித்துப் போயிருந்தன. தவறு என்னுடையது: கோனை அதிகம் இறுக்கியிருந்தேன், கெட்டி கிரீஸ் அந்த இறுக்கத்தின் கரகரப்பை என் விரல்களிடமிருந்து மறைத்துவிட்டது. அன்றிலிருந்து, சந்தேகமான ஹப்பைக் கழுவிய பிறகு, கிரீஸ் வைப்பதற்கு முன் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயில் மட்டும் குண்டுகளைப் போட்டுத் தளர்வாகப் பூட்டிச் சுற்றிப் பார்ப்பேன். எண்ணெய் எதையும் மறைக்காது. அந்த நிலையில் கரகரத்தால் குறை உலோகத்தில் இருக்கிறது. உங்களுக்கும் அதையே சொல்வேன். பத்து நிமிட வேலை, ஆனால் நான்காவது காரணத்தை அப்போதே தீர்த்துவிடலாம்.

குண்டுகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எண்ணிக்கை தவறினாலும் இதே கரகரப்பு வரும். பரவலாகப் புழங்கும் ஹப்புகளில் முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10 குண்டுகள், ஒவ்வொன்றும் 3/16 அங்குலம், அதாவது 4.76 மில்லிமீட்டர், பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9 குண்டுகள், ஒவ்வொன்றும் 1/4 அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். விதிவிலக்கான ஹப்புகள் உண்டு; அதனால் கழற்றும்போது எண்ணியதே கடைசி வார்த்தை. எண்ண மறந்திருந்தால், கப்பில் குண்டுகளை அடுக்கி, ஒரு குண்டுக்குச் சற்றுக் குறைவான இடம் காலியாக இருக்கும்படி நிறுத்துங்கள். கோன் இல்லாதபோது பதினொன்றாவது குண்டும் அடங்குவது போலத் தோன்றும். கோன் உள்ளே வந்ததும் அந்த ஒன்று மற்றவற்றின் தோளில் ஏறி நெருக்கும். தகட்டுக் கூட்டில் அடைத்த குண்டுகள் இருந்தால், எந்தப் பக்கம் உள்ளே பார்த்திருந்தது என்பதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக வைத்தால் கூடு கோனில் உரசும்.

பழைய குண்டுகளைக் கழுவி மறுபடி போடலாமா? பலர் போடுகிறார்கள், வண்டியும் ஓடுகிறது. நான் போடுவதில்லை. குண்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று மயிரிழை பெரிதாக இருந்தாலும் அதுவே முழுச் சுமையையும் சுமக்கும். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் 1883இல் எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் உருண்டையாகத் தேய்க்கும் இயந்திரத்தை அமைத்த பிறகே குண்டு பேரிங் உலகெங்கும் பரவியது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரே அளவின் அருமை விளங்கும். இன்றைய நல்ல குண்டுகளில் 'கிரேடு 25' என்று போட்டிருப்பார்கள். அந்த எண் முழு உருண்டையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதை அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சொல்கிறது. எண் குறையக் குறைய உருண்டை நேர்த்தியாகிறது. எனவே மாற்றினால் இரு பக்கமும் ஒரே பொட்டலத்திலிருந்து முழுவதும் மாற்றுங்கள். தொலைந்த இரண்டுக்கு மட்டும் புதிது போட்டு, மற்றவை பழையவையாக விடுவது எல்லாவற்றிலும் மோசம்.

இனி நீங்கள் கேட்ட கிரீஸ். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு, கருத்து அதிகம். உறுதியானது இது: சைக்கிள் ஹப் கிரீஸுக்குச் சுலபமான இடம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சாதாரணப் பெரிய சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்றுதான் சுற்றுகிறது. சூடு ஏறாது. அதனால் மோட்டார் வாகனச் சக்கர பேரிங்குக்கு விற்கும், இரண்டாம் எண் கெட்டித்தன்மை கொண்ட லித்தியம் அல்லது கால்சியம் கிரீஸ் தாராளமாகப் போதும். இங்கே கிரீஸின் முதல் வேலை தண்ணீரையும் தூசியையும் வெளியே நிறுத்துவது. கப்பை நிறைத்து வைப்பதால் தீங்கில்லை. மிஞ்சியது பிதுங்கி வெளியே வரும், துடைத்துவிடலாம். பழைய கிரீஸின் மேலேயே வேறு வகைப் புது கிரீஸை அப்புவதைத் தவிருங்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் இளகி ஓடிவிடும். அதோடு பழைய கிரீஸில் சேர்ந்த மணலும் உள்ளேயே தங்கும். துருவை இளக்கத் தெளிக்கும் மெல்லிய எண்ணெயை ஹப்பின் வாயில் அடிப்பது இன்னொரு பெருந்தவறு. சத்தம் உடனே நிற்கும், கிரீஸும் கூடவே கரைந்து போகும். விலை உயர்ந்த சைக்கிள் கிரீஸ் இதைவிட நீண்ட நாள் உழைக்குமா என்று கேட்டால், மழையில் அதிகம் ஓட்டுகிறவருக்கு வேறுபாடு தெரியலாம். மற்றவர்களுக்கு நேரத்துக்குக் கழற்றிப் பார்ப்பதே பெரிய மருந்து என்பது என் கருத்து. கருத்து என்றுதான் சொல்கிறேன்.

இப்போது வேலைக்கு வருவோம். மண்ணெண்ணெயில் கழுவியிருந்தால் ஹப்பின் உட்புறம் முழுவதும் உலரட்டும். மிச்ச மண்ணெண்ணெய் புது கிரீஸை இளக்கும். தேவையில்லாமல் தூசி மூடியை நெம்ப வேண்டாம், அது மெல்லிய தகடு. ஒருமுறை வளைந்தால் கோனில் உரசிக்கொண்டே இருக்கும், அந்த உரசலை நீங்கள் பேரிங் குறை என்று நினைத்துத் தேடுவீர்கள். ஒரு பக்கத்துக் கோனையும் லாக்நட்டையும் முதலில் ஒன்றோடொன்று நன்றாக இறுக்கி, அந்தப் பக்கத்தை இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். இரு பக்கமும் அச்சு நுனி ஒரே அளவு வெளியே நீட்டியிருக்க வேண்டும். குவிக் ரிலீஸ் வண்டியில் அந்த நுனி ஃபோர்க் தகட்டின் கனத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நெம்புகோல் அச்சின் நுனியைப் பிடிக்குமே தவிர ஃபோர்க்கைப் பிடிக்காது, சக்கரம் ஓட்டத்தில் கழன்று வரலாம். இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்.

பிறகு கப்பில் கிரீஸ் வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பதியுங்கள். கிரீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அச்சை நுழைத்து, மறுபக்கக் கோனை விரலால் மட்டும் திருகுங்கள், குண்டில் மெல்ல முட்டும் வரை. அங்கிருந்து கடிகாரக் கணக்கில் ஐந்து கோடு பின்னால் விடுங்கள். வாஷரில் சிறிய நாக்கு இருந்தால் அது அச்சின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கோனை மெல்லிய கோன் ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக்நட்டை இறுக்குங்கள். கோன் ஸ்பேனர் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முயலாதீர்கள். சாதாரண ஸ்பேனரின் கனம் அந்தச் சந்தில் நுழையாது, குறடு போட்டால் கோனின் முனை மழுங்கும். முன்சக்கரக் கோனுக்குப் பெரும்பாலும் 13, பின்சக்கரத்துக்கு 15 மில்லிமீட்டர் அளவு பொருந்தும்.

பூட்டிய பிறகு சக்கரத்தை மடியில் நிறுத்தி, அச்சு நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எந்தச் சக்கரமும் நன்றாகச் சுற்றுவது போலத்தான் இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது விரலில் சின்னச் சின்னப் படிகள் போலத் தெரிந்தால் இறுக்கம். தேனில் கரண்டியைச் சுழற்றுவது போல ஒரே சீரான தடை தெரிந்தால் அது கிரீஸ், நல்லது. இப்போது அச்சை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். நட்டு அச்சில் எந்தத் தட்டலும் தெரியக் கூடாது. குவிக் ரிலீஸ் அச்சில் மிக மெல்லிய ஒரு 'டக்' இருக்கலாம், இருக்க வேண்டும். கொஞ்சம் இறுக்கமாகிவிட்டது என்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். இரண்டு கோன் ஸ்பேனர்கள் இருந்தால், இரு பக்கக் கோன்களிலும் ஒவ்வொன்றை மாட்டி, இரண்டையும் அவற்றின் லாக்நட்டை நோக்கி, தளரும் திசையில் சிறிது தள்ளுங்கள். ஒரு கோடு அளவு திறக்கும், லாக்நட்டின் பிடியும் கூடும்.

இறுதித் தீர்ப்பு வண்டியில்தான். சக்கரத்தை ஃபோர்க்கில் பூட்டி, நெம்புகோலை முழுதும் மூடி, ரிம்மின் உச்சியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஹப்புக்குப் பக்கத்தில் அசைத்தால் தெரியாத ஆட்டம், ரிம்மில் பெரிதாகித் தெரியும். ஒரே இடத்தில் சோதித்து விட்டுவிடாமல், சக்கரத்தைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் ஆட்டமும் மற்றோரிடத்தில் இறுக்கமுமாக மாறி மாறி வந்தால், கோனை எவ்வளவு திருத்தினாலும் சரியாகாது. கப் சரிவாக உட்கார்ந்திருக்கலாம் அல்லது ஓரிடத்தில் தேய்ந்திருக்கலாம். வண்டியில் பூட்டாமல் கையால் அச்சைச் சுற்றும்போது அதன் நுனி வட்டமடித்தால் அச்சு வளைந்திருக்கிறது என்று பொருள். ஆட்டம் இல்லை என்று உறுதியான பிறகு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மெல்லச் சுற்றி விடுங்கள். நிற்கப் போகும் நேரத்தில் வால்வோ, ரிம்மின் இணைப்போ, எது கனமோ அந்தப் பக்கம் கீழே இறங்கி, தாண்டிப் போய், திரும்பி வந்து, ஊஞ்சல் போல இரண்டு மூன்று முறை ஆடி நிற்க வேண்டும். சட்டென்று ஓரிடத்தில் நின்றால் இன்னும் இறுக்கம் இருக்கிறது. புது கிரீஸும் ரப்பர் மூடியும் இந்த ஊஞ்சலைச் சற்று மந்தமாக்கும். அதற்காகக் கோனைத் தளர்த்தி விடாதீர்கள், நூறு கிலோமீட்டர் ஓடினால் கிரீஸ் இடம்பிடித்துக்கொள்ளும்.

பின்சக்கரத்துக்கும் இதே முறைதான். ஒன்று மட்டும் வேறு: சங்கிலிப் பக்கத்துக் கோனையும் லாக்நட்டையும் அப்படியே விட்டு, இடப்பக்கத்திலிருந்து கழற்றுங்கள். சங்கிலிப் பக்கத்தைக் கலைத்தால் சக்கரம் நடுவில் நிற்கும் இடமும் பல்சக்கரத்தின் இடமும் மாறும், கியர் அமைப்பையும் திரும்பப் பார்க்க வேண்டிவரும். ஹப்பில் கோன் என்று எதுவும் தெரியாமல் மூடிய பேரிங் இருந்தால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதில் திருத்துவதற்கு இடமில்லை, கரகரத்தால் பேரிங்கில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புதிது போட வேண்டும். ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் வகையில் எனக்குப் பழக்கம் குறைவு, அதைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே உங்களுக்கு நல்லது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழற்ற வேண்டும் என்பதற்கு ஆண்டுக்கு ஒருமுறை என்று சிலரும், இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று சிலரும் சொல்வார்கள். எல்லாம் கைக்கணக்குதான். நான் பார்ப்பது தண்ணீரை. ஹப் மூழ்கும் அளவு தண்ணீரில் ஓட்டியிருந்தால் அந்த வாரமே கழற்றுங்கள். மழை படாத வண்டி என்றால், மாதம் ஒருமுறை அச்சை விரலால் சுற்றிப் பார்ப்பதும் ரிம்மை அசைத்துப் பார்ப்பதும் போதும். விரல் சொல்லும்போது கழற்றலாம்.

இப்போது உங்கள் சக்கரத்தில், இதே வரிசையில் செல்லுங்கள்: முதலில் பேனா சோதனை, பிறகு குண்டு எண்ணிக்கை, அதன் பின் மெல்லிய ஆட்டத்தோடு பூட்டி நெம்புகோலை மூடிப் பார்ப்பது. நெம்புகோலை மூடியதும் இறுகியது என்று நீங்களே எழுதியிருப்பதால், கோன் நன்றாக இருந்தால் மூன்றாவதிலேயே முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். சரியாக வந்த பிறகு முதல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ரிம்மை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். குண்டுகள் தங்கள் தடத்தில் உட்கார்ந்ததும் ஒரு துளி ஆட்டம் திரும்ப வருவது உண்டு, அதற்கு ஒரு கோடு இறுக்கினால் சரியாகிவிடும்.